நிப்போனியம் ஏன் நிஹோனியம் ஆயிற்று?

பதினோராம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “புதிதாக ஒரு தனிமத்தைக் கண்டுபிடித்தால் அதற்குப் பெயர் வைப்பது யார்? கண்டுபிடித்தவர் தன் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாமா? ஒரு தனிமத்துக்குத் தமிழ்ப் பெயர் வைக்க வழி உண்டா?”

மூன்றுக்கும் விடை சொல்கிறேன். விதிகளை மட்டும் வரிசையாகச் சொன்னால் படித்த மறுநாளே மறந்துபோகும். 113ஆம் தனிமத்தின் கதையைக் கேட்டால் அந்த விதிகள் எதற்காக வந்தன என்பது தானே புரியும். வேதியியலில் என் மனதுக்கு மிக நெருக்கமான கதைகளில் ஒன்று அது. தொடங்குவது இலங்கையில்.

1904ஆம் ஆண்டு. இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்கு அப்போது தலைமை வகித்தவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்தில் இந்தியக் கலை வரலாற்றுக்காக உலகமே அறிந்த அதே குமாரசுவாமிதான். சர் முத்து குமாரசுவாமியின் மகனான அவர் இளமையில் நிலவியல் அறிஞராகவே பணியைத் தொடங்கினார். அந்தத் தீவில் கிடைத்த கறுத்த, கனத்த கனிமம் ஒன்றை யுரேனினைட் என்று அவர் விவரித்தார். லண்டனில் விண்டம் டன்ஸ்டன் அதைப் பகுத்துப் பார்த்தபோது, தோரியம் நிறைந்த புதிய கனிமம் அது என்று தெரிந்தது. தோரியனைட் என்று பெயர் பெற்றது.

அதே காலத்தில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் ராம்சேயிடம் ஆய்வு செய்ய ஜப்பானிலிருந்து மசதாக்கா ஒகாவா வந்து சேர்ந்தார். ராம்சே மந்த வாயுக்களுக்காக நோபல் பரிசு பெற்றவர். இலங்கையிலிருந்து வந்த தோரியனைட்டைப் பகுத்துப் பார்க்கும் வேலையை அவர் ஒகாவாவிடம் ஒப்படைத்தார். அதில் அதுவரை யாரும் அறியாத ஒரு பொருளின் தடம் ஒகாவாவுக்குத் தென்பட்டது. நாடு திரும்பிய பிறகும் விடாமல் உழைத்து, 1908இல் முடிவை வெளியிட்டார். தனிம வரிசை அட்டவணையில் காலியாக இருந்த 43ஆம் கட்டத்துக்கு உரியது இது என்றார். தன் நாட்டின் பெயரால் நிப்போனியம் என்று பெயர் சூட்டினார்.

வேறு எவராலும் அதை மறுபடி செய்து காட்ட முடியவில்லை. நிப்போனியம் அட்டவணையை விட்டு நீங்கியது. 1937இல் கார்லோ பெர்ரியேவும் எமிலியோ செக்ரேயும், அமெரிக்காவின் பெர்க்லியில் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் துகள்களால் தாக்கப்பட்ட மாலிப்டினத் தகட்டிலிருந்து 43ஆம் தனிமத்தைப் பிரித்தெடுத்தார்கள். இன்று நாம் டெக்னீசியம் என்று சொல்வது அதைத்தான். அதன் ஐசோடோப்புகள் எல்லாமே கதிரியக்கத்தால் சிதைபவை. பூமி தோன்றியபோது இருந்த டெக்னீசியம் எப்போதோ அழிந்துவிட்டது. ஒகாவாவின் கல்லில் அது எடை போடும் அளவில் கிடைத்திருக்கவே முடியாது.

அப்படியானால் அவர் கண்டது என்ன? பல பத்தாண்டுகளுக்குப் பின் ஜப்பானிய வேதியியலாளர் கென்ஜி யோஷிஹாரா பழைய பதிவுகளைத் தேடி எடுத்தார். ஒகாவாவின் குடும்பத்தார் காத்துவைத்திருந்த எக்ஸ் கதிர்ப் படம் ஒன்றும் கிடைத்தது. அதிலிருந்த கோடுகள் ரீனியத்தின் கோடுகள். ரீனியம் 75ஆம் தனிமம். அட்டவணையில் 43க்கு நேர் கீழே இருக்கும் கட்டம். ஒகாவாவின் கையில் இருந்தது உண்மையாகவே ஒரு புதிய தனிமம். அதன் அணு எடையைக் கணக்கிட்டபோது தவறிவிட்டார். 75 என்று அன்று சரியாகச் சொல்லியிருந்தால், ஆசியாவில் பெயர் சூட்டப்பட்ட முதல் தனிமம் அதுவாக இருந்திருக்கும். 1925இல் ஜெர்மனியில் நோடாக், டாக்கே, பெர்க் ஆகிய மூவரும் அதைக் கண்டுபிடித்து ரைன் ஆற்றின் பெயரை வைத்தார்கள். ஒகாவா 1930இல் இறந்தார். அவர் உயிரோடு இருந்தவரை அந்தக் கண்டுபிடிப்பு அவருடையதாக ஏற்கப்படவே இல்லை. இந்தக் கதையை வகுப்பில் சொன்ன ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் சற்று நிறுத்திவிட்டுத்தான் மேலே போயிருக்கிறேன்.

இனி நூறாண்டு தள்ளி வருவோம். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் கோசுகே மொரிட்டா தலைமையிலான குழு, துத்தநாக அணுக்களைத் துகள் முடுக்கியில் விரட்டி பிஸ்மத் தகட்டின் மீது மோதவிட்டது. துத்தநாகத்தின் அணு எண் 30, பிஸ்மத்தினுடையது 83; இரண்டு உட்கருக்களும் ஒட்டிக்கொண்டால் 113. கேட்க எளிய கூட்டல் கணக்கு. ஆனால் கோடானுகோடி மோதல்களில் ஏதோ ஒன்றில்தான் அவை ஒட்டும். ஒட்டிப் பிறந்த அணுவும் நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரமே நிலைக்கும். அது ஆல்ஃபா துகள்களை ஒன்றன்பின் ஒன்றாக உமிழ்ந்து வேறு தனிமங்களாக மாறிச் செல்லும் தடத்தை வைத்தே, இங்கே ஒரு 113 இருந்தது என்று சொல்ல முடியும். முதல் அணு 2004 ஜூலை 23 அன்று கிடைத்தது. இரண்டாவது 2005 ஏப்ரல் 2. மூன்றாவது 2012 ஆகஸ்ட் 12. ஒன்பது ஆண்டு உழைப்பில் மொத்தம் மூன்று அணுக்கள்!

இதற்கிடையே ரஷ்யாவின் தூப்னாவிலிருந்தும் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோரிலிருந்தும் ஒரு கூட்டுக் குழு, தாங்களும் 113ஐக் கண்டதாகக் கூறியது. இப்படிப்பட்ட உரிமைக் கோரல்களை எடைபோட வேதியியலின் பன்னாட்டு ஒன்றியமான ஐயூபேக்கும் இயற்பியலின் பன்னாட்டு ஒன்றியமும் சேர்ந்து நிபுணர் குழு ஒன்றை வைத்திருக்கின்றன. சான்றுகளை அது ஆராய்ந்த பின், 2015 டிசம்பர் 30 அன்று 113, 115, 117, 118 ஆகிய நான்கு தனிமங்களும் உறுதியானதாக ஐயூபேக் அறிவித்தது. 113 ரிக்கெனுக்கு உரியது என்று தீர்ப்பாயிற்று. அதற்குப் பிறகுதான், “பெயரை முன்மொழியுங்கள்” என்ற அழைப்பு போகும். கண்டுபிடிப்பு ஏற்கப்படும்வரை பெயர்ப் பேச்சுக்கே இடமில்லை.

இங்கே ஒகாவாவின் கதை மறுபடி வந்து சேர்கிறது. நிப்போனியம் என்ற பெயரையே இப்போதாவது வைத்து அந்த மனிதருக்கு நியாயம் செய்யலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. விதி தடுத்தது. ஒரு தனிமத்துக்காக ஒருமுறை புழங்கிக் கைவிடப்பட்ட பெயரை வேறொரு தனிமத்துக்கு வைக்கக் கூடாது. பழைய நூலில் நிப்போனியம் என்று படிப்பவருக்கு அது 43ஆ, 75ஆ, 113ஆ என்ற குழப்பம் வந்துவிடும் அல்லவா? ஒகாவா நினைத்திருக்கக்கூடிய ‘என்பி’ என்ற குறியீட்டிலும் நெப்டியூனியம் எப்போதோ அமர்ந்துவிட்டது. ஜப்பானியர் தம் நாட்டை நிப்பான் என்றும் நிஹோன் என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். சூரியன் உதிக்கும் நாடு என்பது பொருள். மொரிட்டாவின் குழு இரண்டாவது உச்சரிப்பை எடுத்துக்கொண்டது. நிஹோனியம். 2011இல் புகுஷிமா அணுவுலை விபத்தில் பாதிக்கப்பட்ட மக்கள் அறிவியலின் மீது இழந்த நம்பிக்கை மீள வேண்டும் என்ற விருப்பத்தையும் அவர்கள் அந்தப் பெயரோடு சேர்த்துச் சொன்னார்கள்.

இந்த விதி முற்காலத்தில் இல்லை என்பதற்குச் சான்று, ஒகாவா ஆராய்ந்த அந்தக் கனிமத்தின் பெயரிலேயே இருக்கிறது. ஸ்வீடனின் பெர்சீலியஸ் 1815இல் ஒரு புதிய தனிமத்தைக் கண்டதாக நினைத்து, வடநாட்டு இடித் தெய்வமான தோரின் பெயரை அதற்கு வைத்தார். பிறகு அது இட்ரியத்தின் பாஸ்பேட்தான் என்று தெரிந்தது. சில ஆண்டுகள் கழித்து நார்வேயிலிருந்து வந்த வேறொரு கனிமத்தில் மெய்யாகவே புதிய தனிமம் கிடைத்தது. அதற்கு அதே பெயரை எடுத்து மறுபடி வைத்தார்! தோரியம் நிலைத்துவிட்டது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் அந்த உலோகத்துக்கு வேறு பெயர்தான் இருந்திருக்கும். பெர்சீலியஸுக்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு ஒகாவாவுக்குக் கிடைக்கவில்லை. விதி சரிதான் என்று அறிவு சொல்கிறது. ஆனாலும் மனம் ஒகாவாவின் பக்கமே நிற்கிறது.

இனி விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொன்மக் கதையிலிருந்தோ அதிலுள்ள பாத்திரத்திலிருந்தோ, கனிமத்திலிருந்தோ, ஊர் அல்லது நிலப்பகுதியிலிருந்தோ, தனிமத்தின் பண்பிலிருந்தோ, அறிவியலாளரின் பெயரிலிருந்தோ தனிமத்தின் பெயர் பிறக்கலாம். 2016இல் திருத்திய விதிப்படி அட்டவணையின் செங்குத்து வரிசைகளான தொகுதிகளில் 1 முதல் 16 வரையுள்ளவற்றில் சேருபவை ‘இயம்’ என்றும், ஹாலஜன்களின் 17ஆம் தொகுதியில் சேருபவை ‘இன்’ என்றும், மந்த வாயுக்களின் 18ஆம் தொகுதியில் சேருபவை ‘ஆன்’ என்றும் ஒலிக்கும்படி முடிய வேண்டும். அதனால்தான் 115 மாஸ்கோவியம், 117 டென்னசீன், 118 ஒகனெசான். முன்மொழிந்த பெயர் ஐந்து மாதம் பொதுமக்களின் கருத்துக்காக வைக்கப்படும். இந்த நான்கு பெயர்களும் 2016 ஜூன் 8 அன்று வெளியாகி, நவம்பர் 28 அன்று ஒப்புதல் பெற்றன.

அந்த இடைவெளியில் குறியீட்டையும் கூர்ந்து பார்ப்பார்கள். 112ஆம் தனிமத்துக்கு கோப்பர்நிக்கஸின் பெயரை முன்மொழிந்தபோது ‘சிபி’ என்ற குறியீடுதான் முதலில் வந்தது. அது லுட்டீசியத்துக்கு ஒருகாலத்தில் வழங்கிய கசியோப்பியம் என்ற பெயரின் குறியீடு என்பதால் ‘சிஎன்’ என்று மாற்றினார்கள். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றாலும் பெயர் தேர்ந்தெடுப்பது வாக்கெடுப்பால் நடப்பதில்லை. 2015இல் மறைந்த ராக் இசைக் கலைஞர் ஒருவரின் பெயரை வைக்கச் சொல்லி லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையொப்பமிட்டார்கள். முன்மொழியும் உரிமை கண்டுபிடித்த குழுவினுடையது என்பதால் அது நடக்கவில்லை. நடக்காததே நல்லது என்பது என் எண்ணம். மூன்று அணுக்களுக்காக ஒன்பது ஆண்டு காத்திருந்தவர்களின் சொல்லுக்கே அங்கே எடை இருக்க வேண்டும்.

பெயர் வரும்வரை தனிமத்தை எப்படி அழைப்பது? எண்ணுக்குரிய லத்தீன், கிரேக்க அசைகளைக் கோத்து ஒரு தற்காலிகப் பெயர் உண்டு. 113 அப்போது அனன்ட்ரியம்: ஒன்று, ஒன்று, மூன்று. இந்த வழக்கத்துக்கு ஒரு மூத்த முன்னோடி உண்டு என்பதில் நமக்கு மகிழ்ச்சி இருக்கலாம். மெண்டலீவ் தன் அட்டவணையின் காலிக் கட்டங்களுக்கு வடமொழி எண்ணுப்பெயர்களைத்தான் எடுத்தார். அலுமினியத்துக்கு அடுத்து வர வேண்டியது ‘ஏக அலுமினியம்’, சிலிக்கனுக்கு அடுத்தது ‘ஏக சிலிக்கன்’. 1875இல் முதலாவது காலியமாகவும் 1886இல் அடுத்தது ஜெர்மானியமாகவும் வந்து சேர்ந்தன.

இரண்டாம் கேள்வி: கண்டுபிடித்தவர் தன் பெயரை வைத்துக்கொள்ளலாமா? காலியத்தைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் லெகோக் டி புவாபோட்ரான்மீது இந்தச் சந்தேகம் எழுந்தது. பிரான்ஸின் பழம்பெயரான காலியாவிலிருந்து பெயரை எடுத்ததாக அவர் சொன்னார். லத்தீனில் ‘காலுஸ்’ என்றால் சேவல். பிரெஞ்சில் ‘கோக்’ என்றாலும் சேவல். அவர் பெயரிலேயே சேவல் இருக்கிறது என்று மற்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அவர் மறுத்தார். தன் பெயரைத் தானே வைத்ததாக வெளிப்படையாகச் சொன்னவர் யாரும் இல்லை. உடன் உழைத்தவர்கள் சூட்டுவது வேறு. 118ஆம் தனிமத்துக்கு யூரி ஒகனெசியனின் பெயரை அவருடைய குழுவினரே முன்மொழிந்தார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார்.

உயிரோடு இருப்பவரின் பெயரை வைக்கலாமா என்பதே ஒருகாலத்தில் பெரிய சண்டை. 104 முதல் 109 வரையுள்ள தனிமங்களுக்காக அமெரிக்காவின் பெர்க்லியும் சோவியத்தின் தூப்னாவும் பல பத்தாண்டுகள் மோதிக்கொண்டன. பின்னால் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டும் சேர்ந்தது. 104ஐ ஒரு பக்கம் குர்ச்சட்டோவியம் என்றும் மறுபக்கம் ரூதர்ஃபோர்டியம் என்றும் பாடநூல்கள் அச்சிட்டன. ஒரே தனிமம், எந்த நாட்டுப் புத்தகத்தைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு பெயர்! 106க்கு அமெரிக்கர்கள் தம் நாட்டு வேதியியலாளர் கிளென் சீபோர்க் பெயரைச் சொன்னபோது, உயிரோடு இருப்பவர் பெயர் கூடாது என்று ஐயூபேக் 1994இல் மறுத்தது. ஐன்ஸ்டைனும் ஃபெர்மியும் வாழ்ந்த காலத்திலேயே அவர்கள் பெயர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனவே என்று எதிர்ப்பு வந்தது. 1997இல்தான் அமைதி ஏற்பட்டது. சீபோர்கியம் நிலைத்தது, தூப்னாவுக்கு 105ஆம் கட்டம் கிடைத்தது.

அந்தத் தீர்ப்பில் என் மனதில் நின்றது வேறொன்று. அமெரிக்கர்கள் 105க்கு வைத்திருந்த ஹானியம் என்ற பெயர் எந்தக் கட்டத்திலும் இடம்பெறாமல் போயிற்று. அணுக்கருப் பிளவுக்காக ஓட்டோ ஹானுக்கு 1944ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பிளவு என்னவென்று விளங்கவைத்த லீசே மைட்னருக்கு அது கிடைக்கவில்லை. இன்று அட்டவணையில் 109ஆம் கட்டத்தில் மைட்னீரியம் இருக்கிறது. ஹானின் பெயர் ஒரு கட்டத்திலும் இல்லை.

கண்டுபிடிப்பவர் கொள்கையை நம்பிப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். அமிலங்கள் எல்லாவற்றையும் ஆக்குவது இந்த வாயுதான் என்று லவாய்சியே எண்ணி, ‘அமிலத்தை உண்டாக்குவது’ என்ற பொருளில் ஆக்சிஜன் என்று பெயரிட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று பின்னர் ஹம்ஃப்ரி டேவி காட்டினார். கொள்கை போயிற்று, பெயர் நின்றுவிட்டது. டேவி அதிலிருந்து கற்றுக்கொண்டார் போலும். தன் கையிலிருந்த வாயுவுக்குக் கண்ணுக்குத் தெரிந்த மஞ்சள் கலந்த பச்சை நிறத்தைக் கொண்டு குளோரின் என்றார். நிறம் பொய்த்துப்போகாது. ஹீலியமும் இப்படித்தான். சூரிய ஒளியின் நிறமாலையில் மட்டும் தெரிந்தபோது உலோகம் என்று எண்ணி ‘இயம்’ சேர்த்தார்கள். மந்த வாயு என்று தெரிந்த பிறகும் அதன் பெயர் மாறவில்லை.

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். தமிழ்ப் பெயரை எந்த விதியும் தடுக்கவில்லை. ஒரு தமிழ் ஊர், தமிழ் நிலத்தில் கிடைக்கும் கனிமம், நம் தொன்மத்தில் வரும் பாத்திரம், நம் அறிவியலாளர் ஒருவர் என எதுவும் மேலே சொன்ன வாசல்களில் ஒன்றின் வழியே நுழையலாம். கண்டுபிடித்த குழு அதை முன்மொழிய வேண்டும், அவ்வளவே. பெயர் பல மொழிகளிலும் எளிதாக ஒலிக்க வேண்டும் என்பதால் ழகரம் உள்ள சொல்லைத் தவிர்ப்பது நல்லது. பிற மொழியாரிடம் அது நிச்சயம் சிதைந்துவிடும். சீனர்கள் ஒவ்வொரு புதிய தனிமத்துக்கும் தனியாக ஓர் எழுத்தையே உருவாக்குகிறார்கள். நாம் ஒலிபெயர்த்துக்கொள்கிறோம். அதிலும் தமிழகத்தில் தனிமம், ஆக்சிஜன் என்போம். இலங்கைப் பாடநூல்களில் மூலகம், ஒட்சிசன். அங்கே ஒரு மாணவர் நிஹோனியத்தை எழுதும்போது எழுத்துக்கூட்டல் மாறலாம்; குறியீடு உலகெங்கும் ஒன்றுதான்.

இந்திய நாட்டின் பெயரால் ஒரு தனிமம் இருக்கிறதா என்றால், சுற்றிவளைத்து ஒன்று இருக்கிறது. 1863இல் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் ரைஷும் ரிக்டரும் ஒரு தாதுவின் நிறமாலையில் பளிச்சென்று ஓர் அவுரி நீலக் கோட்டைக் கண்டார்கள். ரைஷுக்கு நிறக்குருடு என்பதால் கோட்டைப் பார்த்துச் சொன்னவர் ரிக்டர். அந்த நீலத்துக்கு ஐரோப்பியர் வழங்கிய இண்டிகோ என்ற சொல், ‘இந்தியாவிலிருந்து வந்தது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அதனால் அந்தத் தனிமம் இண்டியம். வயலில் விளைந்த அவுரிச் செடியின் சாயம் கடல் கடந்து போய் ஒரு நிறத்தின் பெயராகி, அங்கிருந்து 49ஆம் கட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

119ஆம் கட்டம் இன்னும் காலி. ரிக்கென் குழு இப்போது வனேடியம் அணுக்களைக் கியூரியத்தின் மீது மோதவிட்டு அதைத் தேடுகிறது. 23ஐயும் 96ஐயும் கூட்டினால் கிடைக்கும் எண் அது. கிடைத்தால் முதல் தொகுதியில், சோடியமும் பொட்டாசியமும் இருக்கும் வரிசையில் வந்து அமரும். பெயர் ‘இயம்’ என்று முடிய வேண்டும். ஜப்பானிலேயே கிடைத்தாலும் நிப்போனியம் என்று வைக்க முடியாது.